ஸ்கிரீன் கழுவ எந்த கிளீனர்? புதிதாக பிரிண்டிங் யூனிட் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் புதிதாக பிரிண்டிங் யூனிட் போடுகிறவர்கள் டேபிள், மெஷ் (சட்டத்தில் இழுத்துக் கட்டும் வலைத்துணி, அதுதான் ஸ்கிரீன்), அச்சைச் சூட்டில் இறுக்கும் க்யூரிங் மெஷின் என்று ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஸ்கிரீன் கழுவ எதை வாங்குவது என்று வரும்போது மட்டும் பக்கத்து யூனிட்டில் எந்தக் கேன் நிற்கிறதோ அதையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மண்ணெண்ணெய், இல்லையென்றால் பெயின்ட் கரைக்கும் என்.சி. தின்னர். வேலை நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேன் திறந்திருக்கும் அறையில்தான் நாள் முழுக்க நாலைந்து பேர் மூச்சு விடுகிறார்கள். கழுவிய தண்ணீரும் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேரத்தான் செய்கிறது.

எங்கே போய்ச் சேரும் என்பதை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர் இது. இன்று சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நடக்கும் ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட்டின் கழுவும் தொட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் நேராகச் சாக்கடைதான். தண்ணீரின் அளவு குறைவு, உண்மை. அதில் கலந்திருக்கும் சரக்கு குறைவு இல்லை.

சுற்றுச்சூழலுக்கு உகந்த கிளீனர் வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேனைப் பற்றிப் பேசமாட்டேன். எந்த இங்க், அதை எவ்வளவு வழித்து எடுக்கிறீர்கள், எதால் துடைக்கிறீர்கள், துடைத்த துணியும் கழுவிய தண்ணீரும் எங்கே போகின்றன என்ற நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கிளீனர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் உங்கள் இங்க் என்ன என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் கலர் கிச்சனில், அதாவது இங்க் கலக்கும் இடத்தில், இருக்கும் டப்பாக்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிக்மென்ட் பேஸ்ட், ரப்பர் பேஸ்ட், துணியின் சாயத்தை எடுத்து அச்சிடும் டிஸ்சார்ஜ் ஆகியவை தண்ணீர் அடிப்படையிலானவை. ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீருக்கே வந்துவிடும். அவற்றுக்கென்று தனி இங்க் கிளீனர் தேவையே இல்லை. காய்ந்துவிட்டால்தான் வம்பு. பேஸ்ட்டில் இருக்கும் பைண்டர் மெஷ் கண்ணுக்குள் பிளாஸ்டிக் படலமாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தின்னர் இல்லாமல் அசையாது. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் இது நடக்க ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் போதும். ஆகவே பிக்மென்ட் வேலைக்கு மிக நல்ல 'பசுமை கிளீனர்' ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரும் ஒரு பழக்கமும்தான்: வேலையை நிறுத்தும்போதெல்லாம் டிசைன் மேல் ஒரு இழுப்பு பேஸ்ட்டைப் பரப்பி விட்டுப் போவது, அன்றைய வேலை முடிந்ததும் அந்த நிமிடமே கழுவுவது.

பிளாஸ்டிசால் இதற்கு நேர்மாறு. பி.வி.சி. தூளை பிளாஸ்டிசைசர் எண்ணெயில் கலந்த இங்க் அது. காற்றில் காயாது. ஏறக்குறைய 160 டிகிரி சூடு கண்டால்தான் இறுகும். எனவே ஸ்கிரீனில் மிஞ்சியதை அவசரப்படாமல் வழித்து டப்பாவிலேயே திரும்பப் போடலாம், மறுநாள் அப்படியே ஓட்டலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் நல்ல இங்க்கைத் தின்னரில் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறும். காசும் போகிறது, மக்கவே மக்காத பி.வி.சி.யும் தண்ணீரில் கலக்கிறது.

ஸ்டிக்கர், பாலித்தீன் கவர், பிளாஸ்டிக் பொருள்கள் மேல் அடிக்கும் சால்வென்ட் இங்க்தான் மூன்றிலும் கடினம். அது ஆவியாகிக் காயும் இங்க் என்பதால் அதைக் கரைக்கவும் கடுமையான சால்வென்ட்டே கேட்கும். துணியில் மட்டும் அச்சடிப்பதாக இருந்தால் இந்த வகையை உள்ளே விடவே வேண்டாம். யு.வி. இங்க் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: இறுகாத யு.வி. இங்க் தோலில் படப்பட ஒவ்வாமை வரும். கிளீனர் எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

வழித்தெடுங்கள், பிறகு துடையுங்கள்

பழைய ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை போதும். ஸ்க்யூஜி (இங்க்கை இழுக்கும் ரப்பர் பட்டை) ஓடும் பக்கமும் அடிப்பக்கமும் இரண்டு முறை வழியுங்கள். அதன்பின் உலர்ந்த பனியன் வேஸ்ட்டால் ஒரு முறை ஒற்றி எடுங்கள். இதற்குப் பிறகு ஸ்கிரீனில் மிஞ்சுவது ஒரு மெல்லிய படலம்தான். கிளீனர் அதற்கு மட்டும் வேலை செய்தால் போதும் என்பதால் மென்மையான, மெதுவான சரக்கே தாக்குப்பிடிக்கும். 'பசுமை கிளீனர் வாங்கினேன், இங்க் போகவே இல்லை' என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் இந்த வழித்தல்தான் நடந்திருக்காது. குவியலாக இருக்கும் இங்க் மேல் நேரடியாக ஊற்றினால் எந்த மென்மையான கிளீனரும் தோற்றுத்தான் போகும்.

எந்த வேலைக்கு எந்தச் சரக்கு

ஸ்கிரீன் கழுவுவது என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் அதில் தனித்தனி வேலைகள் இருக்கின்றன. இங்க்கை எடுப்பது ஒன்று. டிசைன் முடிந்ததும் எமல்ஷனை, அதாவது மெஷ் மேல் டிசைனை உருவாக்கும், ஒளியில் இறுகும் பூச்சை, உரிப்பது இன்னொன்று. மெஷ்ஷில் தங்கும் நிழல் போன்ற கறையைப் போக்குவது மூன்றாவது. மறுபடி கோட்டிங் போடும் முன் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது நாலாவது. நாலுக்கும் ஒரே தின்னரை ஊற்றுவதுதான் செலவையும் நச்சையும் சேர்த்துக் கூட்டுகிறது. பிசுக்கு நீக்க, மணமும் கிரீமும் இல்லாத சாதாரண திரவ சோப்பு பல நேரம் போதும். கறை நீக்கும் பேஸ்ட் காஸ்டிக் சரக்கு, தோலை அரிக்கும். அதை ஒவ்வொரு முறையும் போடாதீர்கள். அடுத்த டிசைனில் நிழல் விழும் அளவுக்குக் கறை இருந்தால் மட்டும் எடுங்கள். லேசான நிழல் அச்சைக் கெடுக்காது.

கேன் மேல் எழுதியிருப்பதை விடுங்கள், எஸ்.டி.எஸ். கேளுங்கள்

'எக்கோ', 'கிரீன்', 'நேச்சுரல்', 'நான் டாக்சிக்' என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று உண்டு, எஸ்.டி.எஸ். என்று கேட்டால் டீலர் கொடுக்க வேண்டும். 16 பகுதிகள் கொண்டது. முழுவதையும் படிக்க வேண்டாம், நாலு பகுதி போதும். தாளே இல்லை என்று சொல்லும் டீலரிடம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாம் பகுதியில் சிவப்புக் கட்டத்துக்குள் படங்கள் இருக்கும். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி மனித உருவம் இருந்தால் புற்றுநோய், கருவுக்குக் கேடு, உறுப்புச் சேதம், மூச்சுக்குழல் ஒவ்வாமை போன்ற பெரிய தீங்கு என்று அர்த்தம். விழுங்கி நுரையீரலுக்குள் போனால் ஆபத்தான எண்ணெய்களுக்கும் இதே படம் வரும். எனவே பக்கத்தில் இருக்கும் வாசகத்தையும் படியுங்கள். செத்த மரமும் மீனும் இருந்தால் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நெருப்புப் படம் இருந்தால் எளிதில் தீப்பற்றும்.

மூன்றாம் பகுதியில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். பெயர்களை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக எழுதும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் சி.ஏ.எஸ். எண் பக்கத்தில் இருக்கும். அது மாறாது, அதைப் பாருங்கள். 108-88-3 என்றால் டொலுயீன். 110-54-3 என்றால் நரம்புகளைப் பாதிக்கும் ஹெக்சேன். 75-09-2 மெத்திலீன் குளோரைடு. 79-01-6 டிரைகுளோரோஎத்திலீன். 872-50-4 என்.எம்.பி., 110-80-5 எத்தாக்ஸிஎத்தனால். இவை இரண்டும் கருவுக்குக் கேடு செய்பவை. இந்த எண்கள் இருக்கும் கேன் 'எக்கோ' பேரில் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் என்ற சோப்புச் சரக்கும் இருக்கக்கூடாது. அது ஆற்றில் சிதையும்போது மீன்களின் ஹார்மோனைக் குழப்பும் பொருளாக மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல், துவைக்கக்கூடிய துணிகளில் அது 0.01 சதவீதத்தைத் தொட்டாலே விற்பனைக்கு விடுவதில்லை. எக்ஸ்போர்ட் ஆர்டர் செய்பவர்களுக்கு இது நேரடிப் பிரச்சினை.

ஒன்பதாம் பகுதியில் ஃப்ளாஷ் பாயின்ட் பாருங்கள். எந்தச் சூட்டில் அந்தத் திரவத்தின் ஆவி ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லும் எண் அது. பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. டொலுயீனுக்கு 4 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 38க்குச் சற்று மேல், அதாவது நம் கோடை மதியத்தின் சூடு. பக்கத்தில் க்யூரிங் மெஷினும் ஃப்ளாஷ் ஹீட்டரும் ஓடும் அறையில் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் சரக்கைத் தேடுங்கள் என்பது என் அறிவுரை. ஃப்ளாஷ் பாயின்ட் கூடுதலாக இருக்கும் திரவங்கள் பொதுவாக மெதுவாகத்தான் ஆவியாகும், அறையில் நெடியும் குறையும்.

பன்னிரண்டாம் பகுதியில் மக்கும் தன்மை. 'எளிதில் மக்கக்கூடியது' என்று சொல்ல ஒரு சோதனை உண்டு: 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் சிதைந்திருக்க வேண்டும். அந்தச் சோதனை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதிலும் ஒரு கவனம் வேண்டும். மக்குவது கிளீனர் மட்டும்தான். அதில் கரைந்திருக்கும் பிளாஸ்டிசால் மக்காது. மக்கும் கிளீனர்தானே என்று சாக்கடையில் ஊற்றினால் இங்க்கை ஊற்றியதாகத்தான் அர்த்தம்.

துணி அச்சுக்கென்று விற்கப்படும் சரக்காக இருந்தால், துணித் தொழிலில் தீங்கான ரசாயனங்களை ஒழிக்கப் பிராண்டுகள் சேர்ந்து நடத்தும் இசட்.டி.எச்.சி. அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா, எந்த லெவல் என்றும் கேட்கலாம். மூன்று லெவல்கள் உண்டு, மூன்றாவதுதான் மேலானது. ஆர்கானிக் துணிகளுக்கான காட்ஸ் சான்றிதழ் ஆர்டர் எடுக்கும் யோசனை இருந்தால் பி.வி.சி. பிளாஸ்டிசாலே அதில் கூடாது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வகைகள் கிடைக்கும்

ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து வரும் டி-லிமோனீன் கலந்த கிளீனர்கள் நன்றாகக் கரைக்கும், மணமும் நன்றாக இருக்கும். இயற்கைச் சரக்கு என்பதாலேயே பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். லிமோனீனின் ஃப்ளாஷ் பாயின்ட் 48 டிகிரி அளவில்தான். காற்றுப் பட்டுப் பழசானால் தோல் ஒவ்வாமை தரும். மீன்களுக்கு அது கடும் நஞ்சு. செத்த மீன் படம் அதன் தாளில் கட்டாயம் இருக்கும். மூடிய டப்பாவில் வைத்து, துணியில் நனைத்துத் துடைக்க ஏற்றது. தண்ணீரோடு கழுவிவிட ஏற்றதல்ல.

சோயா எண்ணெயிலிருந்து செய்யும் மெத்தில் எஸ்டர் கிளீனர்தான் பிளாஸ்டிசாலுக்கு என் முதல் தேர்வு. ஃப்ளாஷ் பாயின்ட் 100 டிகிரிக்கு வெகு மேலே, நெடி கிட்டத்தட்ட இல்லை, எளிதில் மக்கும். ஆனால் பொறுமை வேண்டும். தடவிச் சில நிமிடம் ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் படலமும் விட்டுச் செல்லும். அதை சோப்பு போட்டு நீக்காமல் எமல்ஷன் பூசினால் கோட்டிங்கில் மீன் கண் போலக் குழி விழும். ஓடும் டிசைனுக்கு நடுவே கலர் மாற்ற இது சரிப்படாது.

டைபேசிக் எஸ்டர் என்ற வகை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஃப்ளாஷ் பாயின்ட் 100 டிகிரியை ஒட்டி இருக்கும், மெதுவாக ஆவியாகும், சால்வென்ட் இங்க்கையும் யு.வி. இங்க்கையும்கூட ஓரளவு கரைக்கும். ஸ்டிக்கர் வேலை செய்பவர்கள் தின்னருக்குப் பதிலாக முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புரொப்பிலீன் கிளைகால் ஈதர் கலந்தவையும் உண்டு. மேலே சொன்ன எத்தாக்ஸிஎத்தனால் சேர்ந்த எத்திலீன் கிளைகால் வகையோடு பெயர் குழம்பும் என்பதால் சி.ஏ.எஸ். எண்ணை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளீனரைவிட முக்கியமான ஒன்று: எமல்ஷன்

நல்ல கிளீனர் தேடி அலைபவர்கள் பலர் தங்கள் எமல்ஷன் ஒளியில் இறுகுவதற்காகப் பைகுரோமேட் கலப்பதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆரஞ்சு நிறப் படிகமாகவோ கரைசலாகவோ மலிவாகக் கிடைக்கும் அந்த அமோனியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. ஒளி காட்டி எக்ஸ்போஸ் செய்தபின் டிசைனைத் தண்ணீரில் திறக்கிறோமே, ஒளி படாத இடத்து எமல்ஷன் மஞ்சளாகக் கரைந்து ஓடுமே, அந்தத் தண்ணீரில் அது இருக்கிறது. கையில் ஆறாத புண் வருவதும் இதனால்தான். இதை வைத்துக்கொண்டு சோயா கிளீனர் வாங்கி என்ன பயன்?

பைகுரோமேட்டுக்குப் பதிலாகக் கலக்க டயாசோ சென்சிடைசர் இருக்கிறது. கலக்கவே தேவையில்லாத ஃபோட்டோபாலிமர் எமல்ஷனும் இருக்கிறது. விலை கூடத்தான் செய்யும். ஃபோட்டோபாலிமர் சீக்கிரம் எக்ஸ்போஸ் ஆகும், டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. கலந்து வைத்தது வீணாகிக் கொட்டும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எமல்ஷனை உரிக்க பிளீச்சிங் பவுடர் போடுவதையும் விடுங்கள். மெஷ் பலவீனமாகும், கண் எரியும். ஏதாவது ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சோடியம் பெரையோடேட் அடிப்படையிலான எமல்ஷன் ரிமூவர் தூளாகவோ திரவமாகவோ கிடைக்கும். தண்ணீரில் அதை மிகக் குறைந்த அளவு கலந்தாலே வேலை செய்யும். தடவிய பின் ஸ்கிரீனிலேயே காயவிட்டால் மட்டும் எமல்ஷன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு மெஷ்ஷையே மாற்ற வேண்டியதுதான். தூளை எண்ணெய்த் துணிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது தீயைத் தூண்டும் சரக்கு.

ஸ்பாட் கன்

பீஸில் கறை விழுந்தால் அடிக்கும் ஸ்பாட் கன்னில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கட்டாயம் பாருங்கள். பெயர் தெரியாத கேனில் வரும் இனிப்பு வாசனைத் திரவம் டிரைகுளோரோஎத்திலீனாகவோ மெத்திலீன் குளோரைடாகவோ இருக்கலாம். முன்னது பைகுரோமேட் இருக்கும் அதே முதல் பிரிவைச் சேர்ந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் அதன் எல்லாப் பயன்பாட்டையும் படிப்படியாகத் தடை செய்யும் விதியைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து செக்கிங் பார்க்கும் அறையில், முகத்துக்கு நேரே தெளிக்கப்படும் சரக்கு இது. துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. குளோரின் கலக்காத ஸ்பாட் கிளீனர் வாங்குங்கள், காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் முன்னால் மட்டும் அடியுங்கள்.

ஒரு ஸ்கிரீனில் ஓட்டிப் பாருங்கள்

20 லிட்டர் கேன் வாங்கும் முன் சாம்பிள் கேளுங்கள். உங்கள் இங்க், உங்கள் மெஷ், உங்கள் எமல்ஷனில் பாருங்கள். எத்தனை மில்லி ஆயிற்று, ஊற எவ்வளவு நேரம் பிடித்தது, டிசைன் ஓரம் உதிர்ந்ததா என்று குறியுங்கள். ஸ்க்யூஜி ரப்பரில் ஒரு துண்டு வெட்டி கிளீனரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் உப்பியிருந்தால் அது ஸ்க்யூஜியைக் கொஞ்ச நாளில் கெடுத்துவிடும். பிறகு அதே ஸ்கிரீனில் மறுபடி கோட்டிங் போட்டுக் குழி விழுகிறதா என்று பாருங்கள். விலையை லிட்டருக்குப் பார்க்காமல் ஒரு ஸ்கிரீனுக்குப் பாருங்கள். தின்னர் பாதி காற்றில் போய்விடும். மெதுவாக ஆவியாகும் கிளீனரை, இங்க் அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். இந்தக் கணக்கைப் போட்டபின் விலை வித்தியாசம் பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும்.

துணியும் தண்ணீரும்

துடைத்த துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். சோயா போன்ற தாவர எண்ணெய்ச் சரக்கு ஊறிய துணிகள் குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அவற்றை மட்டும் டப்பாவில் போடும் முன் விரித்து வெளியே உலர்த்துவதோ தண்ணீரில் நனைப்பதோ நல்லது. சால்வென்ட் துணிகளும் பயன்படுத்திய சால்வென்ட்டும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகின்றன. குப்பை வண்டியில் போடவோ எரிக்கவோ கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் யார் என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் இதற்கென்றே கழிவு நிலையம் இருக்கிறது. சின்ன யூனிட்டுகள் நாலைந்து சேர்ந்து ஒரே டிரம்மில் சேர்த்து அனுப்பலாமா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். செலவு பங்காகப் பிரியும்.

கழுவும் தொட்டிக்கு அடியில் அடுத்தடுத்து இரண்டு அறை உள்ள படிவுத் தொட்டி ஒன்று கட்டுங்கள். முதல் அறையில் கசடு தங்கும், இரண்டாவதற்கு முன் துணி வடிகட்டி. இது பிளாஸ்டிசாலையும் பிக்மென்ட்டையும் நிறையவே பிடித்துவிடும். கரைந்துபோன சால்வென்ட்டையும் குரோமியத்தையும் பிடிக்காது, அதனால்தான் அவற்றை வாங்கும்போதே தவிர்க்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பணம் இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் பைகுரோமேட்டை நிறுத்துங்கள். அடுத்து ஸ்பாட் கன்னில் இருக்கும் குளோரின் சரக்கு. மூன்றாவதாக, தின்னரும் பெட்ரோலும். வழிக்கும் அட்டையும் ஸ்ப்ரே பாட்டிலும் காசே கேட்காதவை, அவற்றை நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம். மண்ணெண்ணெயைக் கடைசியில் மாற்றினாலும் சரி. அதுவரை கேனை மூடியே வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.